கதவில்லாத வீடு

புந்தா அரேனாஸில் காற்று
ஆளைத் தோலுரிக்கும்.
அதற்குத்தான் அந்தக் களிம்பு.
மூன்று தவணையில் வாங்கி
கண்ணுக்குக் கீழே சுண்ணாம்பாய் அப்பினாள்
படகுத்துறையில் சீட்டுக் கிழிக்கும் ஒதிலியா.

கோடை முடிவதற்குள் ஐந்து வெண்மணிகள்,
கசகசா அளவில்.
பிதுக்கினாள். தோல் சிவந்ததே தவிர
ஒன்றும் அசையவில்லை.

"சீழுமில்லை, கொழுப்புமில்லை.
உதிர வழியில்லாமல் உள்ளேயே உருண்டுபோன
உங்கள் தோல்தான்.
கதவே இல்லாத வீட்டை இடித்து என்ன பயன்?"
மருத்துவர் ஊசி நுனியால்
வாசல் வைத்தார்.
பஞ்சில் வந்து உட்கார்ந்தது
ஒரு பொடி முத்து. அவ்வளவுதான்.

நான்கு போயின. இமையோரத்து ஐந்தாவது
தானாகப் போகட்டுமாம்.
சொல்லிவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
அவர் கண்ணுக்குக் கீழே இரண்டு.

களிம்பு பாதி மிச்சம்,
தவணை ஒன்று பாக்கி.
சீட்டு ஜன்னலின் கீல்
இப்போதெல்லாம் கிறீச்சிடுவதில்லை.