சரியா, தவறா

'நம் நாட்டில் பனி பெய்வதில்லை.'
மூன்றாம் ஆண்டு அறிவியல் பயிற்சி, ஏழாம் கேள்வி.
யாழரசி 'சரி' என்பதில் வட்டமிட்டு
நேற்றிரவே பையை மூடிவிட்டாள்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

இன்று எனக்குப் பகல் வேலை, சுபாங் வானிலைக் கூடத்தில்.
பதினொரு மணிக்கே தார் கொதித்தது.
கார் நிறுத்துமிடத்தில் சும்மா கிடந்த காற்று
சூடு பொறுக்காமல் எழுந்து கிளம்பியது.
கிள்ளான் பக்கமிருந்து கடல்காற்று
ஈரத்தைச் சுமந்துகொண்டு உள்ளே வந்தது.
கிழக்கே தித்திவாங்சா மலை.
போக வழியின்றி
அதுவும் ஏறியது.

ஏறும் காற்று விரியும்.
விரியும் காற்று குளிரும்.
எத்தனை தரம் சொன்னாலும்
'சூரியன் கிட்டப் போனா சுடாதா?' என்பார்
கேன்டீன் செங்கமலம், தே தாரிக்கை ஆற்றியபடி.

குளிர்ந்த ஈரத்துக்குப் பற்றிக்கொள்ள ஏதாவது வேண்டும்.
கடலின் உப்புத்துகள் போதும்,
செராஸ் போகும் பேருந்தின் புகையும் போதும்.
தூசே இல்லாத வானத்தில் மேகம் கூடுவது கடினம்.
நாள் முழுக்கத் துடைக்கும் என் மாமியாரிடம்
இதை ஒருநாள் சொல்ல வேண்டும்.

ஆவி நீராகும்போது தன் வெப்பத்தை உதறிவிடும்.
அந்தச் சூட்டில் மேகம் இன்னும் ஏறும்.
இரண்டரைக்குப் பூக்கோசு.
மூன்றுக்குக் கோபுரம்.
மூன்றரைக்குத் தலை தட்டையாகிக்
கொல்லன் பட்டடை.

பூபாலன் அழைத்தான்.
'ஜாலான் ஈப்போவுக்கு ஒரு ஆர்டர். ஆறு வெள்ளி. எடுக்கவா?'
'எடுக்காதே. இருபது நிமிடத்தில் கொட்டும்.'
'எடுத்துட்டேன்லா.'

கொட்டியது.
முதலில் குளிர்ந்த காற்று ஒன்று
மேலிருந்து விழுந்து கொடிகளை உலுக்கியது,
பிறகு எதிரே இருந்த கட்டடம் காணாமல் போனது.

ஐந்து மணிக்கு வேகம் தளர்ந்து
மேகம் பரந்து படுத்துக்கொண்டது.
அதைத் திரையில் குறுக்கே வெட்டிப் பார்த்தேன்.
ஐந்து கிலோமீட்டருக்குச் சற்றுக் கீழே
பளிச்சென்று ஒரு பட்டை,
நெற்றியில் ஒரே இழுப்பாக இழுத்த திருநீறு.

அதற்கு மேலே
உறைய மறந்த நீர்த்துளிகள்.
அவற்றின் நடுவே ஒரு பனிப்படிகம்,
அண்டை வீட்டு ஆவியைத் திருடித் திருடி
ஆறு கை முளைத்து,
இன்னொன்றோடு கொக்கி மாட்டி,
பஞ்சாகி,
கனத்து,
பெய்துகொண்டிருந்தது.
கோலாலம்பூருக்கு மேலே.
பத்துமலைக்கு மேலே, பழுதான மோனோரயிலுக்கு மேலே.
பட்டையைக் கடக்கும்போது உருகும்.
உருகும் பனிதான் ரேடாருக்கு அப்படி மின்னும்.

நம்மிடம் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்.
காலையில் பைக் சீட்டை நனைத்திருப்பதும் பனி,
பாட்டுக் காட்சியில் கதாநாயகி
மெல்லிய சேலையில் நடுங்காமல் ஆடுவதும் பனி.
போன விடுமுறையில் தலைக்கு ஐம்பது வெள்ளி கொடுத்து
ஒரு மண்டபத்துக்குள், வாடகைக் கோட்டில்,
இயந்திரம் அரைத்துப் போட்டதில் சறுக்கினாளே யாழரசி,
அதையும் அப்படித்தான் சொன்னோம்.

மறுபடியும் பூபாலன்.
பாலத்துக்கடியில் முப்பது மோட்டார் சைக்கிள்களாம்,
நாசி லெமாக் ஆறிவிட்டதாம்,
சாரல் கழுத்துக்குள் இறங்குகிறதாம்.
'என்னமா குளிருது!'
'குளிராதா? கால் மணி நேரத்துக்கு முன்னால அது பனி.'
'என்ன?'
ஒரு லாரி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போன சத்தம்.
'ஒன்றுமில்லை. மெதுவா வா.'

இரவு பையைத் திறந்து பயிற்சிப் புத்தகத்தை எடுத்தேன்.
அழிப்பான் கையில்தான் இருந்தது.
ஏழாம் கேள்விக்கு இரண்டு புள்ளி.
டீச்சர் அம்மா நல்லவர்தான், ஆனால்
விடைத்தாளை வைத்துத்தான் திருத்துவார்.

மூடி வைத்துவிட்டேன்.
குளியலறைக் கதவில் தொங்கிய மழைக்கோட்டு
இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.
விரலில் ஒன்றை ஏந்தினேன்.
அறை வெப்பம்தான்.