இருபது வளைவு

த.
த.
அடிவாரச் செக்போஸ்ட்டில்
டார்ச்சை இறக்காமல் நிற்பார் போலீஸ்காரர்.
"தஸ்தகீருங்க சார், காய்கறி லோடுங்க"
என்று முடித்து வைப்பான் கிளீனர் செங்கோடன்.

முப்பத்தொன்பது வருஷமாக
என் சொற்களை யாராவது முடித்து வைக்கிறார்கள்.
கேட்க நினைத்தது இஞ்சி டீ.
இ, இ, என்று நிற்பதற்குள்
இலையில் இட்லி விழுந்துவிடும்.
தின்றுவிட்டுக் காசு கொடுப்பேன்.
நிக்காஹ் பேசிய அன்று
என் சம்மதத்தையும் மாமாதான் சொன்னார்.

கிச்சிப்பாளையம் பள்ளியில்
இஷாவுக்குப் பிறகு பெரியவர்களுக்கு ஓதல் வகுப்பு.
செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.
என் முறை வந்தது.
பிஸ்மில்லாவின் முதல் எழுத்திலேயே
அரை நிமிஷம்.
யாரும் சிரிக்கவில்லை.
அதைத்தான் தாங்க முடியவில்லை.

அசரத்து என்னைவிட இளையவர், தீராத ஜலதோஷக்காரர்.
மூக்கைத் துடைத்துக்கொண்டு,
"திக்கித் திக்கி ஓதறவருக்கு ரெண்டு கூலி பாய்.
நபிகளார் சொன்னது, நான் இல்ல.
ம், அடுத்த எழுத்து."

இரட்டைக் கூலி எனக்குத் தெரியும்.
ராத்திரி லோடுக்குத் தருவார்கள்,
மழைக்கு, மேட்டுக்கு.

அன்றிலிருந்து தினம் ஒரு பக்கம்.
ஏற்காட்டில் மூட்டைகளை இறக்கி
சுபுஹு தொழுது
ஏரிக்கரையில் வண்டியை ஓரங்கட்டி
கேபின் விளக்கில்
ஸ்டியரிங்மேல் சுத்தமான துண்டை விரித்து.
கண்ணாடிக்கு வெளியே பனி.
பக்கத்தில் செங்கோடன்
தூங்குகிற மாதிரி இருப்பான்.
அரபு தெரியாதவன்,
அதனால் அந்த ஒரு பக்கத்தை மட்டும்
யாரும் எனக்காக முடித்து வைப்பதில்லை.
சொல் அங்கேயே நிற்கும்
நான் வந்து சேரும்வரை.

சில நாள் ஒரு பக்கத்துக்கு முக்கால் மணி நேரம்.
மகளுக்கு டெங்கு வந்த வாரம் மூன்றே வரி.
ஃபைனான்ஸ்காரன் வண்டியை எடுத்துப்போன மாதம்
வாடகை டெம்போவில், தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவே.
பிடிக்காத நாளும் உண்டு,
நாக்கு தகரமாக, மனசு கடன்காரன் வாசலாக.
ஓதிவைத்தேன்.
அன்று ஓதியதுதான் ஓதல் என்று பிறகு பட்டது.
அன்று அப்படி ஒன்றும் படவில்லை.

இரும்பைப் போல உள்ளமும் துருப்பிடிக்குமாம்.
துருப்பிடிக்காத எஃகு வார்க்கிற ஊரில்
எனக்கு மட்டும் தினம் துடைக்க வேண்டியிருக்கிறது.

பக்கத்திலேயே தமிழ் உரை உண்டு.
மூசா நபி தன் நாவின் முடிச்சை
அவிழ்த்துவிடக் கேட்கிற இடத்தில்
ஒன்பது நாள் நகரவில்லை நான்.
இருபதாவது சூரா அது.
மலையிலும் வளைவு இருபது.
கணக்குப் பார்க்காதே என்று சொல்லிக்கொண்டு
பக்கத்தைத் திருப்பினேன்.

திக்கு போயிற்றா என்கிறார்கள்.
இல்லை. நேற்றும் இட்லிதான்.

போன ஐப்பசியில்
பதினாலாவது வளைவுக்கு மேலே பாறை சரிந்தது.
முன்னால் பதினொரு வண்டி, பின்னால் தெரியவில்லை.
இன்ஜினை அணைத்தோம். மழை மட்டும்.
கீழே சேலம், ஈரத்தில் கரைந்த விளக்குகள்.
"அண்ணே, இன்னிக்கு ஓதலையா?"

மனப்பாடமாக இருந்ததை ஓதினேன்.
நடுவில் ஒரு சொல்.
நின்றேன்.
வைப்பர் இரண்டு முறை போய் வந்தது.
திரும்பிப் பார்த்தால்
செங்கோடன் உதடு அசைகிறது.
இரண்டு வருஷம் தூங்காமல் கேட்டிருக்கிறான்,
அடுத்த சொல் அவனுக்குத் தெரியும்.

உதட்டை மூடிக்கொண்டான்.

காத்திருந்தான்.
நான் போய்ச் சேர்ந்தேன்.

விடிந்து ஜேசிபி வந்தது. நகர்ந்தோம்.
இரண்டாம் கியர், திருப்பு, நில், மறுபடி திருப்பு.
நேராகப் போகிற ரோடு எதுவும்
இந்த மலையை ஏறியதில்லை.

மறுநாள் செக்போஸ்ட்டில் அதே டார்ச்.
"பேரு?"
த.
த.
செங்கோடன் ஜன்னல் பக்கம் திரும்பி
புளியமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.