மூலம்: கிடைக்கவில்லை

மசோதா எண் இரண்டாயிரத்து நானூற்று ஏழு.
பள்ளிச் சாப்பாட்டுக் கடன் தள்ளுபடி.
டொபீகா, செனட் கல்விக் குழு, செவ்வாய்க்கிழமை.
வெளியே பிப்ரவரிப் பனி சேறாகிக்கொண்டிருந்தது.
வாய்கள் பேசுவதைத் தட்டிக்கொண்டே இருப்பது
என் வேலை. பத்தொன்பது வருடம்.
வெர்லா உன்ரூ என்ற பெயர்
பதிவேட்டில் எங்கும் வராது.

மேற்கோள் வந்தால் மூலம் குறிக்க வேண்டும்,
அது விதி.
பட்ஜெட் என்றால் பக்க எண்.
வேதம் என்றால் அதிகாரம், வசனம்.
இந்த வருடம் பட்ஜெட்டை விட வேதம் அதிகம்.

செனட்டர் எல்டன் ஷ்ராக் எழுந்தார்.
உழைப்பையும் உணவையும் ஒரே முடிச்சாய்ப் போட்ட
பவுலின் கடிதத்தை எடுத்தார்.
தெசலோனிக்கேயர், இரண்டாவது.
பிழையில்லாமல் அந்த ஊரை அடிக்க
எனக்கு ஆறு வருடம் பிடித்தது.
ஏழு வயதுப் பிள்ளை எங்கே போய் உழைப்பது என்று
அவர் சொல்லவில்லை.
சொல்லாததை அடிக்க
என் இயந்திரத்தில் விசையில்லை.

செனட்டர் டெல்ஃபின் கோட்ஸ்
ஐந்து அப்பத்தோடு வந்தார், இரண்டு மீனோடு.
புல்லில் உட்கார்ந்தவர்களிடம்
யாரும் பாக்கி கேட்கவில்லை என்றார்.
கைதட்டல்.
அந்த அப்பம் ஒரு சிறுவனின் சொந்தச் சொத்து,
அரசாங்கத்தினுடையது அல்ல என்றார் ஷ்ராக்.
சிரிப்பு.
அதையும் அடித்தேன்: சிரிப்பு.

பிறகு ஹார்லன் பீச்சம். கோதுமைப் பணம்,
வெள்ளைத் தொப்பி மடியில்.
தனக்குத் தானே உதவுகிறவனுக்கே
தேவன் உதவுவார், வேதமே சொல்கிறது என்றார்
கண்ணை மூடிக்கொண்டு.
பாதி அறை ஆமென் போட்டது.

சாட்சி: ரொசால்பா கின்டனில்லா,
கார்டன் சிட்டிப் பள்ளியொன்றில் கல்லாப்பெட்டி.
"எனக்கு வசன எண் தெரியாது.
திரையில் சிவப்பு வந்தால்
தட்டை வாங்கிக் குப்பையில் கொட்டச் சொல்கிறார்கள்.
சூடான பீன்ஸ். வேறு பிள்ளைக்குத் தரவும் கூடாது.
பிள்ளை அழுவதில்லை.
கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறது.
அவ்வளவுதான்."
கொடுத்த மூன்று நிமிடத்தில் இரண்டு மிச்சம்.
கேள்விகள் உண்டா? இல்லை.

ராத்திரி பீச்சமின் வசனத்தைத் தேடினேன்.
ஆதியாகமம் தொடங்கிக் கடைசி வரை.
அப்பாவின் ஜெர்மன் பிரதியிலும்.
இல்லை.
யாரோ ஒரு கெட்டிக்காரனின் பழமொழி
ஞாயிற்றுக்கிழமைச் சட்டை மாட்டிக்கொண்டு
முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறது.

தேடிய விரல் வேறொரு பக்கத்தில் நின்றது:
அறுவடையில் வயலோரத்தை
எளியவனுக்கு விட்டுவைக்கச் சொல்லும் பழைய கட்டளை.

எங்கள் மேற்கில் வயல்கள் வட்டம்.
சதுர நிலத்தின் நடுவே ஊன்றிய குழாய்
சுற்றிச் சுற்றித் தண்ணீர் தெளிக்கும்.
எட்டாத நாலு மூலையும் தாமாகவே மிஞ்சும்.
விமானத்திலிருந்து பார்த்தால்
மாநிலமே கீழ்ப்படிந்தது போலிருக்கும்.
இறங்கி நடந்தால்
மூலையில் முள்தான்.

காலையில் பதிவேட்டை முடித்தேன்.
பீச்சமின் வாக்கியத்துக்கு நேரே
மூலம்: கிடைக்கவில்லை.
"அந்த ஒரு வரியை எடுத்துவிடலாமே, வெர்லா"
என்றார் மேலாளர்.
விதி, என்றேன்.

மசோதா குழுவிலேயே படுத்துவிட்டது,
ஏழுக்கு நாலு.

பின்னால் கட்டிய அந்தக் கை
யாருக்காவது தேவைப்பட்டால்:
பக்கம் நாற்பத்தொன்று,
வரி ஆறு.