கட்டிங் டெஸ்ட்

கிளெமென்ட் ஒச்சிமானா மறுபடி ஜெயித்துவிட்டார்.
மூன்றாவது கட்சி, நான்காவது வழக்கு.
கைபேசியை நீட்டினால்
கோதண்டபாணி முதலாளி முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்:
"யாரு, அந்தக் கல்லு மூட்டையா?"

காடாம்புலியூர் முந்திரி ஆபீசில்
இதோ இந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார்.
இரண்டாயிரத்து ஒன்பது, ஆனி.
அப்போது செனட்டர் இல்லை,
நைஜீரியாவிலிருந்து பச்சைக் கொட்டை அனுப்பும்
கம்பெனியின் ஏஜெண்ட்.
பண்ருட்டி லாட்ஜில் கொசுவலை கிடைக்காமல்
மூன்று இரவு விழித்திருந்த ஆள்.
பலாச்சுளை கொடுத்தோம்.
எங்கள் பக்கமும் உண்டு, என்றார்,
யாரும் இவ்வளவு பெருமைப்படுவதில்லை.

கட்டிங் டெஸ்ட்டை அவரே செய்தார்.
ஒரு கிலோ கொட்டை, ஒவ்வொன்றாக நடுவில் பிளந்து
வெள்ளை ஒரு குவியல்
புள்ளி விழுந்தது ஒரு குவியல்
சொத்தை ஒரு குவியல்.
மனிதனையும் இப்படிப் பிளந்து பார்க்க முடிந்தால், என்றார்.
நான் தமிழில் சொன்னேன்.
உடைக்கிற பெண்கள் சிரித்தார்கள்.

ஆவணியில் வந்தது கண்டெய்னர்.
மேல் மூட்டை எல்லாம் வெள்ளை.
அடியில் போன வருடத்துச் சொத்தை,
அதற்கும் அடியில்
செம்மண் ஒட்டிய சரளைக் கல்.
முதலாளியின் மூன்று ஏக்கர் கொல்லை அடமானத்துக்குப் போனது.
போன் அடித்துக்கொண்டே இருந்தது, அந்தப் பக்கம்.

பிறகு நான்தான் அவரைத் தேடித் தேடிப் படித்தேன்.
கணக்குப்பிள்ளைக்கு வராத பாக்கி மறக்காது.
ஊராட்சித் தலைவர் ஆனார்.
விவசாயத் துறை கிடைத்தது.
பலகை மட்டும் நின்ற ஒரு பள்ளிக்கூடத்துக்கு
இரண்டு முறை வெள்ளையடித்த பில்.
ஆற்றுக்குப் பாலமும் கட்டினார், நிஜப் பாலம்,
படத்தில் அதன்மேல் ஆடுகள் போகின்றன.
கட்சி மாறிய அன்று சொன்னார்:
நான் நின்ற இடத்தில்தான் நிற்கிறேன், கட்சிதான் நகர்ந்தது.
கைது வந்தபோது கழுத்தில் பட்டை மாட்டி
ஸ்ட்ரெச்சரில் கோர்ட்டுக்கு வந்தார்.
நம்மூரில் நெஞ்சுவலி; அங்கே கழுத்து.
அவ்வளவுதான் கடல் தூரம்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்.
பணம் வந்தது.
ஒன்றரை வருடம் கழித்து, முழுசாக, வட்டியோடு,
இரண்டாயிரத்துப் பதினொன்று ஜனவரி பதின்மூன்று,
போகிக்கு முந்தின நாள்.
கொல்லை மீண்டது.
நாற்பத்திரண்டு பெண்களுக்கும் போனஸ்,
ஆளுக்கொரு எவர்சில்வர் குடம்.
எனக்கு மொபெட்.
"ஆயிரம் இருந்தாலும் மனுஷன்யா" என்று
அன்று சொன்னதும் இதே முதலாளிதான்.

நேற்று ராத்திரி விசாரணை அறிக்கை படித்தேன்.
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்.
அறுநூறு டன் உரத்துக்கான பணம்
கருவூலத்திலிருந்து எடுக்கப்பட்ட தேதி:
ஜனவரி பத்து.
உரம் வரவில்லை. அந்த வருடம் அங்கே
மக்காச்சோளம் முழங்கால் உயரத்தில் நின்றுவிட்டது.
பணம் போன இடம் தெரியவில்லை என்று
ஆணையம் முடித்திருக்கிறது.

எனக்குத் தெரிகிறது. என் கையெழுத்தில் இருக்கிறது,
பச்சை அட்டைப் பேரேடு, வரவுப் பக்கம்.

காலையில் அமிர்தவல்லியிடம் மட்டும் சொன்னேன்.
கொட்டைப் பால் தின்று ரேகை அழிந்த கை அவளுக்கு.
ரேஷன் கடை இயந்திரம் அவளை
அவள்தான் என்று ஒப்புக்கொள்வதில்லை.
இந்தத் தடவை அங்கேயும் ஓட்டுப் போட ரேகை இயந்திரம்;
விழாத விரல்களுக்கெல்லாம் இவரே ஓட்டுப் போட்டுக்கொண்டார் என்று
எதிர்க்கட்சி கோர்ட்டுக்குப் போயிருக்கிறது, என்றேன்.
சாம்பலைத் தொட்டுத் தேய்த்துக்கொண்டே கேட்டாள்:
"அந்த ஊர்லயும் கொட்டை ஒடைக்கிறவங்க இருக்காங்களா?"

அவள் வீட்டில் அந்தக் குடம் இன்னும் இருக்கிறது.
அடியில் ஒரு நெளிசல், அவ்வளவுதான்.

இன்று புது லோடு. பிளந்து பார்த்தேன்.
வெள்ளையும் இல்லை சொத்தையும் இல்லை,
பாதிக்கு மேல் புள்ளி.
புள்ளியை யாரும் கொட்டுவதில்லை.
விலை குறைத்து எடுத்துக்கொள்வார்கள்.

சாயங்காலம் மொபெட்டை மிதித்தேன்.
இரண்டு மிதி பிடிக்கவில்லை.
மூன்றாவதில் பிடித்துக்கொண்டது.