ஆழம் எட்டடி

அவர் மேசைமேல் காகிதம் பறக்காமலிருக்க
ஒரு நீல ஓடு கிடக்கும்.
எட்டடி என்று எழுதியிருக்கும் அதில்,
எட்டின் இடப்பக்கம் பெயர்ந்து
மூன்றாகத் தெரியும்.
முதல் வாரமே ஒருவன் கேட்டுவிட்டான்.
"தீர்ப்பு" என்றார் வெர்லீன் ஸ்டபிள்ஃபீல்ட்,
வருகைப் பதிவைப் பிரித்தார்.

ஜார்ஜியாவில், டன்மோர் நகராட்சிக்கு
ஒரு நீச்சல் குளம் இருந்தது.
கறுப்புப் பிள்ளைகளும் இறங்கலாம் என்று
கோர்ட் சொன்ன கோடையில்
நகரம் தண்ணீரை வடித்தது.
செம்மண் ஏற்றிய லாரிகள் வந்தன.
புல் விதைத்தார்கள். பெஞ்சு போட்டார்கள்.
யாருக்கும் குளமில்லை,
ஆகவே எல்லோரும் சமம்
என்று வாதாடியது நகரம்.
மூன்று நீதிபதிகளில் இருவருக்கு
அது சரியாகப் பட்டது.

அவருக்கு அப்போது இருபத்தொன்பது வயது.
கட்சிக்காரனுக்கு ஒன்பது.
சாட்சிக் கூண்டு நாற்காலியில்
லெமுவேல் ஓட்ஸின் கால் தரையைத் தொடவில்லை.
"உனக்கு நீந்தத் தெரியுமா?" என்றார் நகரத்து வக்கீல்.
"எங்கே போய்த் தெரிந்துகொள்வது, ஐயா?"
குறிப்பில் ஏறியது அந்தப் பதில்,
தீர்ப்பில் ஏறவில்லை.

பிறகு முப்பத்தெட்டு ஆண்டு வகுப்பெடுத்தார்.
நிரந்தரப் பதவி கேட்டபோது
'உணர்ச்சிவசப்படுகிறவர்' என்று குழு எழுதியது.
அந்தக் கடிதத்துக்குச் சட்டம் போட்டுக்
கழிப்பறைச் சுவரில் மாட்டினார்.
சட்டம் அதற்காவது உதவட்டும்.

ஜெயித்தவையும் உண்டு: ஜூரிப் பட்டியல்,
பள்ளிப் பேருந்து,
கர்ப்பமானதால் வேலை போன தபால்காரி.
பத்து நிமிடத்தில் அவற்றைத் தாண்டிவிடுவார்.
அக்டோபரில் ஒரு நாள்
வாடகை வேனில் எங்களை ஏற்றிப்போய்
அந்தப் புல்லில் நிறுத்தினார்.
ஷூவைக் கழற்றச் சொன்னார்.
"எத்தனை அடி ஆழத்தில் நிற்கிறீர்கள்?"
நெருப்பெறும்புகள் கடித்தன. ஒருவரும் வாய் திறக்கவில்லை.
"பதினான்காவது திருத்தம்
ஓர் எழுத்துக் குறையாமல் அன்றும் இருந்தது," என்றார்.
"தண்ணீர்தான் இல்லை."

நான் சுமாரான மாணவன்.
இன்று டன்மோர் நகராட்சியின் வக்கீல்.
வேலை கிடைத்ததும் அவருக்கு போன் செய்தேன்.
"அந்த நாற்காலியில் யாராவது உட்காரத்தானே வேண்டும்"
என்று வைத்துவிட்டார்.
வாழ்த்தா, குத்தலா,
இன்னும் பிடிபடவில்லை.

போன வாரம் ஒரு கோப்பு வந்தது.
புல்வெளி கார் நிறுத்துமிடம் ஆகிறது.
தோண்டிப் பார்த்த பொறியாளரின் குறிப்பு:
கீழே சுவர் கெட்டியாக இருக்கிறது,
இரும்பு ஏணிகூட அப்படியே.
எடுக்கப் பெருஞ்செலவு.
மூடியே விட்டால் ஒன்றுமில்லை.

லெமுவேல் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து
ஓய்வு பெற்றுவிட்டார்.
ஜூன் தோறும் பேராசிரியருக்கு
ஓர் அட்டை போடுவார், ஒரே வரி:
"இன்னும் நனையவில்லை."
அவர் இறந்த ஆண்டும் வந்தது.
என்ன செய்வதென்று தெரியாமல் கல்லூரி
அதை எனக்கு அனுப்பிவிட்டது.
ஓடு யாரிடம் போனதோ.

கையெழுத்துக்கான கோடு ஒரு விரல் நீளம்.
பேனாவைத் திறக்கிறேன், மூடுகிறேன்.
மூன்றாவது மாடி, கம்பளத் தரை.
கதவைச் சாத்திவிட்டுக் குனிந்து
ஷூ நாடாவை அவிழ்க்கிறேன்.