விழ அனுமதி

டுலூத்தில் ஏரி உறைந்து பத்து நாளாகிறது.
ஆர்லோவின் சறுக்குக் காலணி
ஆணியில் தொங்கி இரண்டு குளிர்காலம்.
"எலும்பு முறிந்தால் யார் கட்டுவது?"
மாவுக்கட்டைச் சொன்னாளா, பில்லைச் சொன்னாளா,
பிரிட்டாவிடம் நான் கேட்டதில்லை.
மரம் ஏறாதே. சைக்கிள் வேண்டாம்.
படியில் மெதுவாக.

செவ்வாய்க்கிழமை தபாலில்
பையனுக்குக் காப்பீட்டு அட்டை வந்தது,
பெயரில் ஓர் எழுத்துப் பிழையோடு.
ரொட்டி மாவு காயாத விரல்களால்
நாடாவை அவளே இறுக்கிக் கட்டினாள்.
"போடா."

விழுந்தான். எழுந்தான்.
அப்புறம்
வேண்டுமென்றே விழுந்தான்.

ஐந்து பேர் வேலை செய்யும் எங்கள் கடைக்கு
அடுத்த வருஷமாம், பார்க்கலாமாம்.
கரையோரப் பனிக்கட்டியில்
கம்பியைப் பிடித்தபடி
பிரிட்டாவும் நானும்
அடிமேல் அடி வைக்கிறோம்.