அளக்காத மூன்று நாள்

ஏழாம் வகுப்பு, பி பிரிவு.
ஜன்னலில் பாதி உயரம்வரை பனி.
இந்த வாரப் பாடம் ஆதாரம்.
யார் சொன்னார், எப்போது சொன்னார்,
அவருக்கு எப்படித் தெரியும்?
ஆளுக்கு இருபது அட்டை, ஒரு ரப்பர் வளையம்.

ட்ரெவர் முதல் அட்டையில்
‘இணையம் சொன்னது’ என்றெழுதி
வேலையை முடித்துக்கொண்டான்.
இணையம் என்பவர் யார், எந்தத் தெரு என்றேன்.
அட்டையைத் திருப்பிக் கரடி வரைந்தான்.
நல்ல கரடி.

ஐலா கொஸ்கெலா எடுத்துக்கொண்டது
ஊர் எல்லைப் பலகையை.
‘ஹெம்லாக் முனை உங்களை வரவேற்கிறது.
ஒரே குளிர்காலத்தில் 317 அங்குலப் பனி!’
பலகைக்கு யார் சொன்னார்?
நகராட்சிக்கு எழுதினாள்:
செய்தித்தாளில் வந்ததே, அம்மா.
செய்தித்தாளுக்கு எழுதினாள்:
பலகையில் இருக்கிறதே, பார்க்கவில்லையா?

நள்ளிரவில் மதுக்கடை விட்டு வரும் இருவர்
ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து
விழாமல் நடந்துவிடுவதுண்டு.
நாற்பது வருடம் நடந்திருக்கிறார்கள்.
மேற்கோளில் ‘மேல்’ இல்லையென்றால்
மிச்சம் வெறும் கோள்.

பிறகு சாலைத்துறைக் கொட்டகையில்
டீசல் மணக்கும் ஒரு நோட்டு கிடைத்தது.
பனிவாரி வண்டி ஓட்டிய ஆர்வோ மாக்கி
காலைதோறும் பென்சிலில் ஓர் எண்:
நான்கு. ஆறரை. ஒன்று. ஒன்பது.
ஜனவரி பதினாறு, பதினேழு, பதினெட்டில்
எண் இல்லை.
‘வீட்டில் குழாய் வெடித்தது’, அவ்வளவுதான்.

மூன்று முறை கூட்டினாள். 289.
கட்டுரையின் கடைசி வரி இப்படி:
‘மீதி இருபத்தெட்டு அங்குலமும் அந்த மூன்று நாளில்
பெய்திருக்கலாம், பெய்யாமலும் இருக்கலாம்.
யாரும் அளக்கவில்லை.’

முடிவு உறுதியாக இருக்கவேண்டும் என்பது
கரும்பலகையில் நானே எழுதிய விதி.
ஓரத்தில் சிவப்பு மையில் போட்டேன்:
தெளிவில்லை.

மறுநாள் தாளோடு வந்து நின்றாள்.
‘எது தெளிவில்லை, டீச்சர்?
என் வாக்கியமா, அந்த மூன்று நாளா?’

படித்தேன். இன்னொரு முறை படித்தேன்.
வாக்கியத்தில் ஒரு குறையும் இல்லை.
எனக்குத்தான் ஓர் எண் வேண்டியிருந்தது.
பலகை வைத்தவர்களுக்கு வேண்டியிருந்ததைப் போல.
வெள்ளை மை தடவினேன். காய்ந்த பிறகும்
அடியில் சிவப்பு லேசாகத் தெரிகிறது.

மதிய இடைவேளையில் வெளியே கூச்சல்.
என் மர அளவுகோலைக் காணோம்.
கொடிக்கம்பத்தடியில் ட்ரெவர்
முழங்கை புதைய எதையோ தேடுகிறான்.
‘பன்னிரண்டு அங்குலம்!’ என்று கத்துகிறான்.
‘அளவுகோலே பன்னிரண்டுதானே,’ என்கிறாள் ஐலா,
‘முழுசாக உள்ளே போய்விட்டதே.’

அவன் கொஞ்சம் யோசித்தான்.
கையுறையைப் பல்லால் கடித்து உருவினான்.
சட்டைப்பையிலிருந்து ஓர் அட்டை.
கரடியின் காதருகே, குளிரில் கோணிய எழுத்தில்:
‘பன்னிரண்டு பத்து மணி. கொடிக்கம்பம் பக்கத்தில்.
நானே பார்த்தது.
குறைந்தது பன்னிரண்டு.’